பன்னிரண்டு நாள் முந்திய குட்டிகள்

கிடாவைப் பட்டிக்குள் விட்ட நூற்று ஐம்பதாவது நாள் பிறக்கவேண்டிய குட்டிகள் நூற்று முப்பத்தெட்டாவது நாளே பிறந்துவிட்டன. ஒரே வாரத்தில் மூன்று ஆடுகள், ஐந்து குட்டிகள். ஐந்தும் பிறந்த கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்று தாயின் மடியை முட்டிக் குடித்தன. வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். என் அத்தை ஒவ்வொரு குட்டியின் வாயிலும் விரலை விட்டுக் கீழ் ஈறைத் தடவிப் பார்த்தாள்.

"பல்லு இருக்கு" என்றாள்.

"இருந்தா நல்லதுதானே அத்தை?"

"குறைமாசக் குட்டிக்குப் பல்லு எப்படிடீ இருக்கும்? முடியப் பாரு, எவ்வளவு அடர்த்தி. இதுங்க நாள் நிறைஞ்சு பொறந்த குட்டிங்க. நாள்ல தப்பு இல்ல. அப்பன்லதான் தப்பு."

அத்தை என் அப்பாவுக்கு மூத்தவள். பத்தொன்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தாள். டிக்கெட் எடுக்காதவன் எவன் என்று படியில் கால் வைக்கும்போதே சொல்லிவிடுவாளாம். 'எடுக்காதவன் ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையா பாப்பான். வெளியே என்ன இருக்கு? அதே மரம்தான்' என்பாள். முழங்கால் தேய்ந்து, ஓடும் பஸ்ஸில் நிற்க முடியாமல் போனபோது வேலையை விட்டுவிட்டு நாலு ஆடு வாங்கினாள். அது நடந்து பதினோரு வருடமாகிறது. இப்போது முப்பத்தொரு பெட்டை ஆடுகள். ஊரில் இன்னும் அவளுக்குச் செக்கரம்மா என்றுதான் பெயர்.

கறிக்கு ஆடு விற்பது அவளுக்குப் பிழைப்பு. ஆனால் அவள் ஆசைப்பட்டது விதைக்கு விற்பதற்கு. கறிக்கு வாங்குகிறவன் எடையைப் பார்ப்பான், அத்தோடு சரி. விதைக்குக் கிடா வாங்குகிறவன் அதன் அப்பன் யார், ஆத்தாள் யார் என்று கேட்பான். நாம் சொல்கிற பதிலை நம்பித் தன் மந்தையையே அந்தக் கிடாவிடம் ஒப்படைப்பான்.

"பத்தொன்பது வருஷம் யாரையும் நம்பாம இருக்கத்தான் எனக்குச் சம்பளம் குடுத்தாங்க. என் வார்த்தைய நம்பி ஒருத்தன் ஒரு கிடா ஓட்டிட்டுப் போகணும்டீ. ஒரே ஒருத்தன் போதும்" என்று ஒருமுறை சொன்னாள்.

அந்த ஒருத்தன் கிடைத்திருந்தார். நூற்றுக்கணக்கில் ஆடு வைத்திருக்கும் ஒரு பெரிய பண்ணைக்காரர். அத்தையின் பெரிய கிடாவைப் பார்த்துவிட்டு, இந்த ஈற்றில் பிறக்கும் கிடாக்குட்டிகளில் நல்லவற்றையெல்லாம் விதைக்கு எடுத்துக்கொள்கிறேன், குட்டிகளுக்கு மூன்று மாதம் ஆனதும் வருகிறேன் என்று சொல்லிப் போயிருந்தார். பெரிய கிடாவின் பெயர் மேனேஜர். வருடத்தில் பத்து மாதம் சாப்பிட்டுவிட்டுச் சும்மா நடந்துகொண்டிருக்கும் என்பதால் வந்த பெயர். வெள்ளை உடம்பு, செம்பழுப்புத் தலை, கதவு மாதிரி அகன்ற நெஞ்சு.

அந்த நெஞ்சில்தான் அத்தை காவிப் பொடியை எண்ணெயில் குழைத்துப் பூசுவாள். கிடா எந்த ஆட்டின் மேல் ஏறினாலும் அதன் முதுகில் சிவப்பு ஒட்டும். ஒட்டிய தேதியை நோட்டில் எழுதுவாள். மூன்று வாரம் கழித்து நீலம் பூசுவாள். சிவப்பு விழுந்த ஆட்டில் நீலமும் விழுந்தால் முதல் தடவை சினை பிடிக்கவில்லை என்று அர்த்தம். இத்தனை பந்தோபஸ்து உள்ள பட்டியில், மேனேஜர் உள்ளே வருவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பே மூன்று ஆடுகள் சினையாகியிருக்கின்றன. அதுவரை ஒரு மாதமாக மேனேஜர் குளம்பு அழுகி, மாட்டு டாக்டர் வீட்டுக் கொட்டகையில் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தது.

அத்தை நோட்டைப் புரட்டினாள். அந்த மூன்று ஆடுகளுக்கும் நேராகச் 'சிவப்பு, மங்கல்' என்று எழுதியிருந்தது.

"ஏற்கெனவே சினையானது. இவன் ஏற வந்ததும் விலகி ஓடியிருக்கு. அதான் அரைகுறையா ஒட்டியிருக்கு. பாத்தும் விட்டுட்டேன் பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ எந்தத் தேதிடீ வந்த?"

ஒரு வாரம் தங்கிப்போகலாம் என்று முதுகில் பையோடு வந்து இறங்கியவள் நான். ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றியதில், எங்கும் இருப்புக் கொள்ளாமல் போய், கடைசியில் ஆட்டுக் கொட்டகையில் கால் தரித்திருந்தேன். குட்டிகள் பிறந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால், நான் வந்து இறங்கிய அதே வாரத்தில் போய் நின்றது.

"பின்வாசல் வழியாதானே வந்த? கொக்கி போட்டியா?"

"போட்டேன்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறியா? டிக்கெட் எடுத்தேன்னு நினைக்கிறேன்னு யாராவது சொன்னா நான் என்ன பண்ணுவேன் தெரியுமா?"

அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் எந்தக் கதவைத் தாண்டினாலும் பின்னாலேயே வந்து கொக்கியை ஆட்டிப் பார்த்தாள். உண்மையில் எனக்கே நினைவில்லை. கையில் பை, காலில் சேறு, எதிரே முப்பது ஆடுகளின் கத்தல். கொக்கி போட்டேனா?

பின்வாசலை ஒட்டிச் செங்கல் சூளை. சூளைக்காரர் ஒரு கறுப்புக் கிடா வைத்திருந்தார், கட்டாமல் விட்டுத் திரியும் கிடா. அத்தை வேலியோரம் போய் நின்று கூப்பிட்டாள்.

"உங்க கிடா எங்க?"

"எந்தக் கிடா? அதைக் கறி போட்டு மூணு மாசமாச்சே. உங்களுக்கும் ஒரு கூறு குடுத்தனுப்பினேனே, சாப்பிடலையா?"

"அதுக்கு முன்னாடி? அஞ்சு மாசத்துக்கு முன்னாடி அது எங்க இருந்துச்சு?"

"செத்த கிடாவுக்கெல்லாம் சாட்சி சொல்லச் சொல்றீங்களே! நீங்க ஆடு வளக்குறீங்களா, கோர்ட்டு நடத்துறீங்களா?"

"ராத்திரியில எங்க பக்கம் வந்துச்சா இல்லையா?"

அவர் வேலிக்கு மேலே எட்டி, குட்டிகளைப் பார்த்தார். வெள்ளை உடம்பு, செம்பழுப்புத் தலை. "அச்சு அசல் உங்க மேனேஜர் மாதிரி இருக்கு. என் கிடா அடுப்புக்கரி. இதுல எந்த மூலையில என் கிடா தெரியுது, நீங்களே காட்டுங்க."

அத்தை திரும்பி நடந்தாள். வரும் வழியில், "ஜன்னலுக்கு வெளியே பாத்தான் பாத்தியா?" என்றாள்.

"அத்தை, அவர் குட்டியத்தான் பாத்தாரு."

"ரொம்ப அக்கறையா பாத்தான்."

மறுநாள் பின்வாசல் முன்னால் சாம்பலைச் சலித்துத் தூவினாள், யார் கால் பதிகிறது என்று பார்க்க. காலையில் சாம்பலில் என் செருப்பு, அவள் செருப்பு, ஒரு பூனை, அப்புறம் நெட்டக்காவின் வெறுங்கால். நெட்டக்கா கொட்டகை கூட்டி, தண்ணீர் வைத்து, குட்டி பிடிக்கும் அக்கா. அத்தை ஆடு வாங்கிய இரண்டாம் வருடத்திலிருந்து இருப்பவர். கொட்டகை உத்தரத்தில் தலை இடிக்காமல் நடக்கக் குனிந்து குனிந்து, வெளியே வந்தாலும் குனிந்தே நடப்பார். பின்வாசலில் கொக்கி தவிர, ஆள் இல்லாதபோது போடும் பூட்டும் உண்டு; அதற்கு அவரிடம் ஒரு சாவி, அத்தையிடம் ஒரு சாவி.

"அவ வீட்டுலயும் ரெண்டு ஆடு இருக்கு. கிடா இல்ல. அதுங்க எப்படி வருஷா வருஷம் குட்டி போடுது?" என்றாள் அத்தை என்னிடம், கழனித் தொட்டியைக் கழுவிக்கொண்டே.

"நீங்கதானே மேனேஜர்கிட்ட ஓட்டிட்டு வரச் சொன்னீங்க?"

"நான் சொன்னது ஒரு தடவை." கையை உதறினாள். "தன் ஆட்டோட யாரோ கிடாவையும் சேத்து ஓட்டிட்டு வந்திருந்தா?"

அதில் அர்த்தமே இல்லை. ஆனால் நானும் எதிர்த்துப் பேசவில்லை. சந்தேகம் நெட்டக்கா பக்கம் நகர்ந்தால் என் கொக்கியை விட்டு நகர்கிறது. அந்த நிம்மதி எனக்கு இருந்தது என்பதை எழுதத்தான் வேண்டும்.

குட்டிகளுக்கு இரண்டரை மாதம் ஆனபோது, ஒரு மதியம், நெட்டக்கா தழை கட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு அத்தை போனாள்.

"அந்தப் பின்வாசல் சாவியக் குடு."

நெட்டக்கா நிமிர்ந்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். முந்தானையில் துடைத்து, அத்தையின் கையில் கொடுக்காமல் தொட்டி விளிம்பில் வைத்தார். பாதி கட்டிய தழைக்கட்டை முழுதும் கட்டி, உரிய இடத்தில் மாட்டிவிட்டு, முன்வாசல் வழியாகப் போனார். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

முப்பத்தொரு ஆடும் ஐம்பது குட்டியும் உள்ள கொட்டகையை இரண்டு பேர் பார்ப்பது என்றால் என்ன என்று அந்த வாரம் தெரிந்தது. ஒரு குட்டிக்குக் கழிச்சல். அத்தைக்கு முழங்கால் வீங்கியது. பண்ணைக்காரர் வர ஒன்பது நாள் இருந்தது. நான் யாரிடமும் சொல்லாமல் நெட்டக்கா வீட்டுக்குப் போனேன்.

அவர் வாசலில் உட்கார்ந்து ஒரு பழைய நாற்காலிக்கு பிளாஸ்டிக் வயர் பின்னிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "என்ன பாப்பா, சாம்பல்ல பதிஞ்ச என் காலுக்கு அளவு எடுக்க அனுப்பினாங்களா?" என்றார்.

"நானாத்தான் வந்தேன். அக்கா, வேற கிடா எதுவும் உள்ள வந்துச்சா? தெரிஞ்சா சொல்லுங்க. நான்தான் கொக்கி போடலைன்னா அதையாவது சொல்லுங்க."

"கொக்கிய நீ போட்டியோ போடலையோ, நான் பாக்கல. வெளியிலேருந்து ஏன் கிடா வரணும்? உள்ளேயே ஒருத்தன் இருக்கான்ல?"

"யாரு?"

"சாமியாரு."

சாமியார் என்பது காயடித்த இளங்கிடா. மேனேஜருக்குப் போன ஈற்றில் பிறந்தவன். பின்னங்கால் முட்டி இரண்டும் உள்ளே சாய்ந்து ஒன்றை ஒன்று உரசும். அந்தக் கால் வம்சத்துக்குப் போகக்கூடாது என்று நாலாம் மாதத்திலேயே அத்தை தன் கையால் காயடித்தாள். சாதுவானவன் என்று பெட்டை ஆடுகளோடே விட்டிருந்தாள். தீவனத்துக்கு முன்னால் அவன் நடந்தால் மற்றவை பின்னால் வரும்.

"அவனத்தான் காயடிச்சாச்சே அக்கா."

"ஒரு பக்கம் அடிச்சாங்க." வயரை இழுத்து முடிச்சுப் போட்டார். "நான்தான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். இடுக்கிய வச்சு ஒவ்வொரு பக்கமா நரம்ப நசுக்கணும். வலது பக்கம் நசுக்கினப்ப கத்தினான். இடது பக்கம் நசுக்கினப்ப சத்தமே இல்ல. நரம்பு நழுவியிருக்கும், இன்னொரு தடவை பிடிங்கன்னேன். 'பத்து வருஷமா என் கை தப்பினதில்ல, நீ காலப் பிடி'ன்னாங்க. பிடிச்சேன்."

"இத ஏன் அத்தைகிட்ட சொல்லல?"

"அவங்க கேட்டது சாவிய. குடுத்துட்டேன். காரணத்தக் கேட்டிருந்தா அதையும் குடுத்திருப்பேன்."

நான் கொட்டகைக்குத் திரும்பியபோது அத்தை ஒரு ஆட்டின் மடியைக் கழுவிக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் என்னை நம்பவில்லை. நெட்டக்காவையும் நம்பவில்லை. 'சாவி போன ஆத்திரத்துல கட்டிவிடுறா' என்றாள். பிறகு ஈரக் கையோடு சாமியாரிடம் போய், கொம்பைப் பிடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, குனிந்து அடியில் கை விட்டாள்.

வலது பக்கம் தடவினாள். முகத்தில் ஒன்றுமில்லை. இடது பக்கம் போனதும் கை நின்றது. கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி வலது, மறுபடி இடது.

"நீ பாரு."

பார்த்தேன். வலது பக்கம் காய்ந்த திராட்சை. இடது பக்கம் கோழிமுட்டை. சாமியார் என் கையை நக்கினான்.

அத்தை தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். நான்தான் ஆறுதலாக ஏதோ சொல்ல நினைத்து, "மூணு ஆடுதானே அத்தை. அந்த அஞ்சு குட்டிய ஒதுக்கிட்டு மத்தத காட்டலாம்" என்றேன்.

"மூணுன்னு யாரு சொன்னா?" என்றாள். "மேனேஜர் வந்தப்புறம் இவன் எங்க இருந்தான்? அதே பட்டியிலதான். முதுகுல சிவப்பு இருந்தா மேனேஜர் ஏறினான்னு தெரியும். இவன் ஏறலைன்னு எப்படித் தெரியும்? இவன் நெஞ்சுல நான் எதப் பூசினேன்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐம்பது குட்டிகளில் எது அப்பனுடையது, எது மகனுடையது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே செம்பழுப்பு.

"யாருக்கும் தெரியாது அத்தை."

"அதான் பயமா இருக்கு."

அந்த ஒன்பது நாளும் நான் அத்தையைத்தான் சந்தேகப்பட்டேன். காலையில், சொல்லிவிடுவாள் என்று தோன்றும். சாயங்காலம் அவள் ஒன்பது கிடாக்குட்டிகளைச் சீவி, குளம்பு வெட்டி, வரிசையாக நிற்கவைத்துப் பார்ப்பதைக் கண்டால், மாட்டாள் என்று தோன்றும். பண்ணைக்காரருக்காகவே காயடிக்காமல் ஒதுக்கிவைத்த குட்டிகள். நோட்டில் 'மங்கல்' என்று எழுதிய பக்கம் இருக்கிறதா என்று ஒருநாள் அவள் குளிக்கும்போது எடுத்துப் பார்த்தேன். இருந்தது. நான் பார்த்ததை அவளும் கண்டுபிடித்துவிட்டாள். நோட்டின் மேல் ஒரு வைக்கோல் துரும்பு வைத்திருந்தாளாம்.

பண்ணைக்காரர் சொன்ன நாளில் வேனோடு வந்தார். சொந்தமாகத் தராசு கொண்டுவந்திருந்தார். அடுத்தவன் தராசை நம்பாத ஆள். ஒன்பது குட்டிகளின் வாயையும் திறந்து பார்த்தார், முதுகை அமுக்கினார், தூக்கித் தூக்கி நிறுத்தினார். "ஒன்பதும் எடுத்துக்கிறேன்" என்றார்.

"குடுக்க முடியாது" என்றாள் அத்தை.

சொன்னாள். சாமியாரின் கால், இடுக்கி, நழுவிய நரம்பு, பன்னிரண்டு நாள், எதையும் விடவில்லை. அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"வேற யாருக்கு வாக்கு குடுத்துட்டீங்க?"

"யாருக்கும் இல்ல."

"பின்ன? முப்பது வருஷமா ஆடு வாங்குறேன்மா. குறைய மறைச்சு வித்தவங்கள பாத்திருக்கேன். குறையச் சொல்லி விக்காம இருக்குறவங்கள பாத்ததில்ல. என்ன விஷயம், சொல்லுங்க. எனக்கு முன்னாடி யாரு வந்தா?"

"இவனத் தடவிப் பாருங்க" என்று அத்தை சாமியாரை அவர் முன்னால் இழுத்து வந்தாள். அவர் பார்த்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"சரி, இருக்கட்டும். அப்பன் ரத்தமோ மகன் ரத்தமோ, ஒரே ரத்தம்தானே? கால் நேரா இருக்குற குட்டியாப் பொறுக்கிக்கிறேன்."

"இதுக்குக் கால் நேராதான் இருக்கும். இதோட குட்டிக்குக் கோணும். அன்னைக்கு உங்க பண்ணையில என் பேரத்தான் சொல்வீங்க."

"சொன்னா என்ன? உங்க காதுல விழவா போகுது?"

"விழாதுதான்" என்றாள் அத்தை. "ஆனா குடுக்கல."

அவர் வேனில் ஏறினார். அடுத்த வருடம் வருவதாகச் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அரைமணி நேரம் கழித்து வேன் திரும்பி வந்தது. தராசுக் கொக்கியை விட்டுவிட்டதாகச் சொல்லி இறங்கினார். கொக்கி அவர் இடுப்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. வாசல், கொட்டகைப் பின்புறம், சூளைப் பக்கம் எல்லாம் வேறு வண்டி நிற்கிறதா என்று கண்ணாலேயே துழாவிவிட்டுப் போனார்.

அத்தை அன்று சாப்பிடவில்லை. சாமியாரை இழுத்துப் போய்த் தனியாகக் கட்டிவிட்டு வந்தாள். மறுநாள் காலையில் வீங்கிய முழங்காலோடு நெட்டக்கா வீட்டுக்கு நடந்தாள். நானும் கூடப் போனேன். வாசலிலேயே நின்று சாவியை நீட்டினாள்.

"தப்பு என்மேலதான். வா."

நெட்டக்கா சாவியை வாங்கவில்லை. "சாவி யாருக்கு வேணும்மா? உங்ககிட்டயே இருக்கட்டும். இடுக்கியக் குடுங்க."

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்குப் பழக்கமில்லையே."

"பிடிச்சுப் பிடிச்சுப் பாத்ததுல பழகிடுச்சு. இனிமே நீங்க காலப் பிடிங்க."

விதைக்கு ஆகாத கிடாக்கள் காயடிபட்டுக் கறிக்குத்தான் போகவேண்டும். டாக்டரை வரவழைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, அன்று மதியமே ஆரம்பித்தோம். அத்தை தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, அவளே சீவி வளர்த்த ஒன்பது குட்டிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக மடியில் போட்டுக் காலைப் பிடித்தாள். நெட்டக்கா விரலால் நரம்பைத் தேடிப் பிடித்து, இடுக்கியை வைத்து, ஒரு பக்கத்துக்கு இரண்டு தடவை நசுக்கினார். அகன்ற நெஞ்சோடு இருந்த மூத்த குட்டியின் முறை வந்தபோது அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காலை விடவில்லை.

ஒன்பதும் முடிந்தன. நெட்டக்கா இடுக்கியைக் கழுவப் போனார். அவர் தலை மறைந்ததும் அத்தை முதல் குட்டியைப் பிடித்து, நசுக்கிய தடத்தை விரலால் தேடினாள். வலது, இடது. நிமிர்ந்தாள், திருப்தியில்லை.

"இங்க வாடீ" என்றாள் என்னிடம், தணிந்த குரலில். "நீயும் ஒரு தடவை பாரு."